நிறம் போனால் போதுமா?

வெயில் நேராக விழும் இரும்பு கேட்டுக்கு வெள்ளை எனாமல் அடித்துச் சில ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டால், அதில் உரசுகிற சட்டையில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் மட்டம் என்று நினைப்போம். ஆனால் நல்ல பெயின்டும் ஒருநாள் இப்படித்தான் பொடி விடும். அதற்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற நிறமி. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரை அந்த நிறமி உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய ஆற்றலைக் கொண்டு, தன்னைச் சுற்றிப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது. பிசின் போனபின் நிறமி மட்டும் பொடியாக மிஞ்சுகிறது. கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே வேதியியலாளர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். அதனால்தான் வெளிச்சுவருக்கான பெயின்டில் சேர்க்கும் நிறமித் துகள் ஒவ்வொன்றின் மீதும் சிலிக்காவையும் அலுமினாவையும் மெல்லிய உறையாகப் பூசுகிறார்கள். ஒளி பட்டாலும் துகள் வேலை செய்யாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

பெயின்ட் நிறுவனங்கள் அடக்கி வைக்கப் பாடுபட்ட அந்தக் குணத்தை, தண்ணீரிலுள்ள நஞ்சை அழிக்கப் பயன்படுத்த முடியுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

டைட்டானியம் நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட் அதன் தாதுதான். கறுப்பு மணலிலிருந்து உலகின் மிக வெண்மையான பொடிகளுள் ஒன்று வருகிறது.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் அகிரா ஃபுஜிஷிமா. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒற்றைப் படிகத்தை ஒரு மின்முனையாகவும் பிளாட்டினத்தை இன்னொரு மின்முனையாகவும் தண்ணீரில் அமிழ்த்தி, படிகத்தின் மீது ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தின் பரப்பிலிருந்து குமிழிகள் கிளம்பின. அது ஆக்சிஜன். மறுமுனையில் ஹைட்ரஜன் வந்தது. தண்ணீர் ஒளியால் பிளந்திருந்தது. 1972-ல் இருவரும் இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை உயர, சூரிய ஒளியில் ஹைட்ரஜன் எரிபொருள் என்ற கனவு உலகத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கனவு எளிதில் கைகூடவில்லை. ஆனால் அதே வினையை வேறு பக்கமிருந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். தண்ணீரையே உடைக்கிற ஒரு பரப்பு, தண்ணீரில் கலந்திருக்கும் மாசை விட்டுவைக்குமா? 1976-ல் கனடாவில் ஜான் கேரியும் அவருடைய சகாக்களும், பி.சி.பி. எனப்படும் குளோரின் ஏறிய விடாப்பிடியான நஞ்சை டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த தண்ணீரில் ஒளியால் சிதைத்துக் காட்டினார்கள். 1977-ல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபிராங்க், ஆலன் பார்ட் இருவரும் சயனைடை அதே வழியில் அழித்தார்கள். அதன்பின் இந்தத் துறைக்குள் வந்து குவிந்த ஆய்வுக் கட்டுரைகள் பல்லாயிரம்.

துகளுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதன் எலக்ட்ரான்கள் கீழே ஒரு ஆற்றல் பட்டையில் கட்டுண்டு கிடக்கின்றன. மேலே காலியாக ஒரு பட்டை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, அனடேஸ் என்ற படிக வடிவத்தில், 3.2 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி. இதைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் உள்ள ஒளித்துகள், அதாவது ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட புறஊதா ஒளி வந்து விழுந்தால், ஓர் எலக்ட்ரான் மேலே ஏறிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடம் ‘துளை’. எலக்ட்ரான் எதிர்மின், துளை நேர்மின் போல நடந்துகொள்ளும். இரண்டும் படிகத்துக்குள் நகரக்கூடியவை. பரப்பை எட்டிவிட்டால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறிலிருந்தோ பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சைடிலிருந்தோ துளை ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது ஹைட்ராக்சில் தனி உறுப்பு. மேலே ஏறிய எலக்ட்ரானைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். இதனால்தான் இந்த வினை நடக்கும் கலங்களில் காற்றைக் குமிழியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லையென்றால் எலக்ட்ரானுக்குப் போக்கிடம் இல்லை, வினை படுத்துவிடும்.

ஹைட்ராக்சில் தனி உறுப்பு தண்ணீரில் உருவாகக்கூடிய மிக வலிமையான ஆக்சிஜனேற்றிகளில் ஒன்று. அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 2.8 வோல்ட், குளோரினும் ஓசோனும் அதற்குக் கீழேதான். கரிம மூலக்கூறு எது எதிரே வந்தாலும் பெரும்பாலும் தாக்கும்: ஹைட்ரஜனைப் பறிக்கும், வளையத்தில் போய் ஒட்டும், சங்கிலியை அறுக்கும். அப்படி அறுத்துக்கொண்டே போனால் கடைசியில் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், கொஞ்சம் நைட்ரேட், சல்பேட், குளோரைடு என்றுதான் மிஞ்ச வேண்டும். ஆனால் அதன் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் போக அதற்கு நேரமில்லை. எனவே துகளின் பரப்பையோ அதன் மிக அருகையோ வந்தடையும் மூலக்கூறுதான் சிதையும், மற்றது தப்பிக்கும்.

நானோ அளவு எதற்கு என்பதற்கும் இங்கேதான் விடை. எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்துவிடும் இயல்புடையவை. சேர்ந்தால் உறிஞ்சிய ஒளி வெறும் வெப்பமாகிப் போகும். துகள் சின்னதாக இருந்தால், சேர்வதற்கு முன்பே பரப்பை எட்டுகிற வாய்ப்பு கூடும். கூடவே பரப்பளவும் பெருகுகிறது. ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அளவுகோலாக வைத்திருக்கும் ‘பி25’ என்ற பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ நான்கு பங்கு அனடேஸ், ஒரு பங்கு ரூட்டைல் என்ற இன்னொரு படிக வடிவம்; துகள் ஒவ்வொன்றும் சுமார் 20 முதல் 25 நானோமீட்டர். அதில் ஒரே ஒரு கிராமின் பரப்பை எல்லாம் விரித்தால் 50 சதுர மீட்டர் வரும்: ஒரு சின்ன வீட்டின் தரை முழுக்க. இருந்தும் உள்ளே நுழையும் ஒளித்துகள்களில் மிகச் சிலவே உருப்படியாக ஒரு மூலக்கூறை உடைக்கின்றன. பெரும்பான்மை வீண்.

இவ்வளவு வீண் இருந்தும் விஞ்ஞானிகள் ஏன் விடாமல் இதைத் துரத்துகிறார்கள்? நாம் ‘சுத்திகரிப்பு’ என்று செய்வதில் பெரும்பகுதி இடமாற்றம்தான். கரிப்பொடியில் நஞ்சை ஒட்டவைத்தால் கரிப்பொடி நஞ்சாகிறது. ஆர்.ஓ. சவ்வு நல்ல தண்ணீரைப் பிரித்து, மாசை எல்லாம் ரிஜெக்ட் தண்ணீரில் செறிவாக்கித் தள்ளுகிறது. பாக்டீரியாக்களை வைத்துச் செய்யும் உயிரியல் சுத்திகரிப்பு உண்மையிலேயே மாசைத் தின்று தீர்க்கிறது. ஆனால் அவற்றுக்குச் செரிக்காத மூலக்கூறுகள் இருக்கின்றன. ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சன் குழுவினர் சோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நோயாளி மாத்திரை விழுங்கும்போது ரத்தத்தில் ஏறும் அளவையே மிஞ்சிய அளவு அது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வந்த தண்ணீரின் கதி இது. பாக்டீரியாவைக் கொல்லச் செய்த மருந்தைப் பாக்டீரியாவை விட்டே தின்னச் சொன்னால் எப்படி? இப்படிப்பட்ட மூலக்கூறுகளைத்தான் ஹைட்ராக்சில் தனி உறுப்பு வேறுபாடு பார்க்காமல் உடைக்கும். இந்தத் துறையின் நியாயமான நம்பிக்கை அங்கே இருக்கிறது.

இனி ஆய்வு மேசைக்கு வருவோம். ஒளி பட்டால் இப்படி வினையைத் தூண்டும் பொருளுக்கு ஒளிவினையூக்கி என்று பெயர். அதைச் சோதிக்கும் வழக்கமான முறை இது. ஒரு பீக்கரில் மெத்திலீன் நீலச் சாயம் கரைத்த தண்ணீர். அதில் வெள்ளைப் பொடியைப் போட்டு, காந்தக் கலக்கியின் மேல் வைத்து, முதலில் அரைமணி நேரம் இருட்டில் சுழல விடுவார்கள். பொடியின் பரப்பில் ஒட்ட வேண்டிய சாயம் முதலிலேயே ஒட்டித் தீரட்டும், அதை வினையின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு விளக்கு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில மில்லிலிட்டர் எடுத்து, மைய விலக்கியில் சுழற்றிப் பொடியைப் பிரித்து, தெளிந்த நீரை நிறமாலைமானியில் வைத்து 664 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று குறிப்பார்கள். மை போல இருந்த நீலம் வெளிறி, வானநீலமாகி, கடைசியில் குடிக்கலாம் போலத் தெளிந்துவிடும். வரைபடத்தில் கோடு அழகாக இறங்கும். ‘99 விழுக்காடு சிதைவு’ என்று கட்டுரையில் எழுதுவார்கள்.

அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. நிறமாலைமானி அளந்தது நிறத்தை. சாய மூலக்கூறில் நிறத்தைத் தருவது ஒரு பகுதிதான். அந்த இணைப்பு ஒரே ஓர் இடத்தில் அறுந்தால்கூட நிறம் போய்விடும். மூலக்கூறின் மிச்சம் தண்ணீரிலேயே இருக்கும். பள்ளி ஆய்வகங்களில் செய்து காட்டும் நீலக் குப்பி சோதனை இதற்கு நல்ல சாட்சி. காரம் சேர்த்த குளுக்கோஸ் கரைசலில் மெத்திலீன் நீலம் நிறமற்றுப் போகும். குப்பியைக் குலுக்கிக் காற்று கலந்தால் நீலம் திரும்பி வரும். எதுவுமே சிதையவில்லை. நிறமற்ற வேறொரு வடிவத்துக்கு மாறி மீண்டது, அவ்வளவே. ஒளிவினையூக்கியில் பெரும்பாலும் உண்மையான சிதைவுதான் நடக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் நடந்தது என்று அறிய மொத்த கரிமக் கார்பனை அளக்க வேண்டும். அது நிறத்தைவிட எப்போதும் மெதுவாகவே இறங்கும். நிறம் முழுக்கப் போன பிறகும் ஃபார்மிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் போன்ற துண்டுகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அசோ சாயங்கள் அரைகுறையாக உடைந்தால் அரோமேடிக் அமீன்கள் வரக்கூடும். அவற்றில் சில புற்றுநோயைத் தூண்டுபவை. அட்ரசின் என்ற களைக்கொல்லியின் கதை இன்னும் தெளிவானது. டைட்டானியம் டை ஆக்சைடு அதைத் தாக்கிப் பக்கச் சங்கிலிகளை எல்லாம் கழற்றும். நடுவிலுள்ள டிரையசின் வளையம் சயனூரிக் அமிலமாக மாறி அங்கேயே நின்றுவிடும். வளையத்தை உடைக்க அதனால் முடிவதில்லை. சயனூரிக் அமிலம் அட்ரசின் அளவுக்கு நஞ்சல்ல, அது ஆறுதல். ஆனாலும் அது முழுச் சிதைவு அல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. சூரிய ஒளியில் புறஊதா நான்கைந்து விழுக்காடுதான். மிச்சமிருக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்த வேண்டும் என்று 2001-ல் ஜப்பானின் ரியோஜி அசாஹி குழு டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜனைக் கலந்து பார்த்தது. 2009-ல் உலோகமே இல்லாத கார்பன் நைட்ரைடு வந்தது. இரண்டும் முக்கியமான அடிகள். அவற்றைத் தொடர்ந்து, புதுப் பொடி ஒவ்வொன்றும் ‘வெயில் ஒளியிலேயே வேலை செய்கிறது’ என்று நிரூபிக்கச் சாயத்தையே எடுத்துக்கொண்டார்கள். சாயம் தானே ஒளியை உறிஞ்சக்கூடியது. உறிஞ்சிய சாயம் தன் எலக்ட்ரானைப் பொடிக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதையும். அங்கே வேலை செய்தது பொடி அல்ல, சாயம். நிறமில்லாத ஃபீனாலையோ ஒரு மருந்தையோ அதே பொடியிடம் கொடுத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்வதாகச் சொல்லும் பொடியைச் சாயத்தை மட்டும் வைத்துச் சோதிப்பது சோதனையே அல்ல என்பது என் உறுதியான கருத்து.

திருப்பூரைப் பற்றிப் பேசாமல் தமிழில் சாயக்கழிவைப் பற்றி எழுத முடியாது. அங்கே ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் ஏற்பாட்டை எட்டும்வரை திறக்கக் கூடாது என்றது. ஒளிவினையூக்கி பற்றிய கட்டுரைகளில் பல ‘துணிச்சாயக் கழிவுக்குத் தீர்வு’ என்றே முடிகின்றன. சாயத்தொட்டியை நேரில் கண்டவர்களுக்கு அதிலுள்ள சிக்கல் புரியும்.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமையும் தாண்டும். சாயம் நூலோடு பிணைய சோடா ஆஷ் வேண்டும். பிணையாத சாயம், அந்த உப்பு, அந்தச் சோடா எல்லாம் சேர்ந்துதான் கழிவாகின்றன. இப்போது நம் துகளின் நிலையை யோசியுங்கள். நீர் கடும் நிறமாக இருப்பதால் ஒளி சில மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் சாயமே அதை உறிஞ்சிவிடுகிறது. நீர் காரத்தன்மையாக இருக்கிறது; பி.எச். 6.5-க்கு மேலே போனால் டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பு எதிர்மின் ஏறிக்கொள்ளும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் கொண்டது. இரண்டும் விலகிப் போகும். சோடா ஆஷிலிருந்து வரும் கார்பனேட், சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தானே எதிர்கொண்டு தீர்த்துவிடும். எல்லாவற்றையும் தாண்டி நிறம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். உப்பு? ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. நொய்யல் விவசாயிகளின் நிலத்தைப் பாழாக்கியதில் முதல் பங்கு உப்புக்கு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற டி.டி.எஸ். (கரைந்த மொத்தத் திடப்பொருள்) வரம்பை எந்த ஒளிவினையூக்கியும் எட்டவைக்காது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும்தான் வேண்டும். உயிரியல் தொட்டியைக் கடந்து, சவ்வுக்குப் போவதற்கு முன் மிச்சமிருக்கும் பிடிவாதமான கரிமத்தை உடைத்துச் சவ்வு அடைபடாமல் காப்பது போன்ற ஓர் இடைவேலை இருக்கலாம். அதைச் சொன்னால் நியாயம்.

மின்செலவுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்பது இந்தத் துறையில் பொதுவான அளவுகோல். பல முறைகளையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வில், ஓசோன் போன்ற முறைகளுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே வந்தது. புறஊதா விளக்கு வைத்த ஒளிவினையூக்கிக்கோ நூறு யூனிட்டுக்கு மேல். விளக்கை நம்பி ஒரு நகரத்தின் தண்ணீரை இதில் சுத்தம் செய்ய முடியாது. சூரியனைத்தான் நம்ப வேண்டும்.

சூரியனை நம்பி உண்மையாகவே இறங்கிப் பார்த்தவர்கள் ஸ்பெயினின் தென்கிழக்கே, அல்மெரியா மாகாணத்தில் இருக்கிறார்கள். அங்கே தபெர்னாஸ் என்ற வறண்ட நிலத்தில் நாட்டின் பெரிய சூரிய ஆற்றல் ஆய்வு மையம் இருக்கிறது. அதே மாகாணத்தின் கடலோரச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்கள். அவற்றில் தெளிக்கும் பூச்சிமருந்துப் புட்டிகள் மலையாகக் குவிகின்றன. புட்டிகளை மறுசுழற்சி செய்யக் கழுவினால், கழுவிய தண்ணீர் பல பூச்சிமருந்துகளின் கலவை. ஆராய்ச்சியாளர்கள் முதலில் சூரிய ஒளியைக் குவிக்கும் பெரிய ஆடிகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒளியைக் குவித்தால் வினை அதே விகிதத்தில் கூடவில்லை. ஒளி அதிகமானால் எலக்ட்ரானும் துளையும் நெருக்கமாகப் பிறந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதுதான் காரணம். எனவே குவிக்காமல், கண்ணாடிக் குழாய்களுக்கு அடியில் வளைந்த அலுமினியத் தகடு வைத்து, மேகமூட்ட ஒளியையும் பிடிக்கிற எளிய அமைப்புக்கு வந்தார்கள். அந்த மாகாணத்தின் லா மொஹொனேரா என்ற ஊரில் புட்டி கழுவும் நீருக்காக ஏறத்தாழ 150 சதுர மீட்டர் பரப்பில் அந்த அமைப்பு நிறுவப்பட்டது. ஆனால் குழாய்க்குள் ஓடியது டைட்டானியம் அல்ல, இரும்பு. கரைந்த இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேரும் ஃபோட்டோ-ஃபென்டன் முறை அது. ஹென்றி ஃபென்டன் 1894-லேயே எழுதிவைத்த வினை. அதுவும் அதே ஹைட்ராக்சில் தனி உறுப்பைத்தான் தருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியையும் பயன்படுத்திக்கொண்டு, வேகமாகத் தருகிறது. அங்கேயும் மாசை முற்றாக எரிப்பதில்லை. பாக்டீரியாவுக்குச் செரிக்கும் அளவுக்கு உடைத்துவிட்டு, மீதியை உயிரியல் தொட்டியிடம் விடுவதே சிக்கனம் என்று கண்டார்கள். நான் படித்தவற்றில் இந்தத் துறையின் மிக நேர்மையான பாடம் இந்த ஊரில்தான் இருக்கிறது.

டைட்டானியம் தோற்கவில்லை. 2001-ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஜன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலே பூசியது டைட்டானியம் டை ஆக்சைடின் மெல்லிய படலம். ஜன்னலில் படியும் அழுக்கு கொஞ்சம், ஒளி தாராளம், காற்றில் ஆக்சிஜன் தாராளம், அவசரமும் இல்லை. தண்ணீரில் இந்த நான்கும் எதிராக இருக்கின்றன. கூடவே துகளைத் திரும்பப் பிடிக்கும் சிக்கல். 20 நானோமீட்டர் துகள் சுலபத்தில் அடியில் படியாது. பி.எச்.-ஐ நடுநிலைக்குக் கொண்டுவந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படியத் தொடங்கும்; மிச்சத்தைச் சவ்வு வைத்து வடிகட்ட வேண்டும். கண்ணாடி மணியிலோ தட்டிலோ ஒட்டவைத்தால் பிடிக்கும் தொல்லை இல்லை, ஆனால் பரப்பின் பெரும்பகுதி போய்விடும். தப்பவிட்டால் என்ன என்று கேட்கலாகாது. மூச்சில் போகும் தூசாக இது புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தடை செய்தது. ஒரு மாசை நீக்கப்போய் இன்னொன்றை ஆற்றில் விடக் கூடாது.

இந்தத் துகளுக்கு ஏற்ற இடம் மருந்து ஆலையின் ஒரு குறிப்பிட்ட குழாயிலிருந்து வரும் சிறிய அளவு நீர், மருத்துவமனைக் கழிவுநீர், பூச்சிமருந்து கலந்த கழுவுநீர் ஆகியவை. அளவு குறைவு, நஞ்சு கூடுதல், பாக்டீரியாவால் ஆகாதது, நீர் தெளிவானது: இந்த நான்கும் பொருந்துகிற இடத்தில் வெயில் நிறைந்த நம் ஊரில் இதைச் செய்துபார்க்கலாம். செய்தும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் வேதியியல் மாணவர்கள் புதுப்புது நானோ பொடிகளைச் செய்து மெத்திலீன் நீலத்தை வெளிறவைக்கிறார்கள். அவர்களிடமும் அவர்களுடைய வழிகாட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சாயத்தோடு நிறமில்லாத ஒரு மருந்தையும் சோதியுங்கள். நிறத்தோடு கரிமக் கார்பனையும் அளந்து பாருங்கள். காய்ச்சி வடித்த நீரை ஒருநாள் ஓரமாக வைத்துவிட்டு, உண்மையான கழிவுநீரை ஒரு கேனில் பிடித்துவந்து அதில் உங்கள் பொடியைப் போடுங்கள். முடிவு சுமாராக வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். கழிவுநீரைக் கையாள்கிறவர்களுக்குப் பயன்படப்போவது அந்த எண்தான்.